நீலச் சுவிட்ச்

அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைக்காதே. பேட்டரி இறங்கிவிடுமோ என்று விளக்கைப் பாதிக்கு மங்கலாக்கிக்கொண்டு எழுதுகிறேன். குட்டி இப்போதுதான் கண்ணை மூடினாள். இவருக்குச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட். எங்கள் மூன்று பேர் உடம்புக்கும் குறைவில்லை. அத்தானின் வலது காதுக்கு டாக்டர் புதிதாக ஏதாவது சொன்னாரா? உன் கைத் தழும்பு குளிர் வந்தால் இழுக்கும் என்பாயே, எப்படி இருக்கிறது?

நீங்கள் இரண்டு வருஷம் குடியிருந்து எங்களுக்குக் கொடுத்த வண்டி இப்போது மலைமேல், சுரங்கத்துக்கு எதிரே, ஒரு கிரேனுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு வண்டிக்குள் கட்டில், அடுப்பு, அலமாரி, தொட்டில் எல்லாம் அடங்கிவிடுகிறது, என் பயம்தான் அடங்கவில்லை. வண்டிகளுக்குக் கரண்ட் தருகிற சைட் ஜெனரேட்டரை இருட்டியதும் நிறுத்திவிடுகிறார்கள். விடியும்வரை விளக்கு, தண்ணீர் மோட்டார், ஹீட்டர் எல்லாம் அந்த ஒற்றைப் பேட்டரியை நம்பித்தான். ஹீட்டர் கேஸில் எரிகிறதே என்று நிம்மதியாக இருந்தேன். சூட்டைத் தள்ளுகிற விசிறி பேட்டரியில் ஓடுகிறது, அது நின்றால் ஹீட்டரும் நின்றுவிடும் என்று இங்கே வந்துதான் தெரிந்தது. கதவுக்கு மேலே இருக்கிற மீட்டரில் எண் இறங்கிக்கொண்டே போகிறது. குட்டிக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பார்க்கிறேன். இவர் சிரிக்கிறார். "பி.காம். படிச்சவ கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தா போதும். பேட்டரி வாய் விட்டு அழாது, தூங்கு."

ஒன்று கேட்க வேண்டும். இடது பக்கப் பெஞ்சில் ஒரு நீலச் சுவிட்ச் இருக்கிறதே, அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டி வைத்திருக்கிறது. பெஞ்சுக்குள் இரண்டாவது பேட்டரி இருப்பதாக அத்தான் சொன்ன ஞாபகம். அப்புறம் ஏன் டேப்? சாவி கொடுக்கும்போது, "தொட்டிலைக் கதவுப் பக்கமே போடு" என்று என் காதில் சொன்னாய். கதவிடுக்கில் காற்று ஊசி மாதிரி வருகிறது. இடது பக்கப் பெஞ்சின்மேல் வைத்தால் கதகதப்பாக இருக்கும். வைக்கலாமா?

கடிதங்கள் வாரம் ஒருமுறை சாமான் லாரியில்தான் இறங்குகின்றன. ஆபீசில் ஒரு போன் உண்டு, மழை தூறினாலே செத்துவிடும். அதனால் எழுத்தையே நம்பியிருக்கிறேன்.

உன் தங்கை


அக்டோபர் 17

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

கடிதம் வந்தது. நீ சௌக்கியமாகப் பயந்துகொண்டிருக்கிறாய் என்று தெரிந்து மகிழ்ச்சி. கரப்பான் பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறுகிறவள் மலைமேல் ஏறியிருக்கிறாய், அதுவே பெரிது. குட்டிக்கு எத்தனை பல்?

இங்கே காலையில் தபால்காரர் வந்து மணியடிக்கிற நேரம்தான் என்னுடைய நேரம். அத்தான் அதற்குள் கடைக்குப் போயிருப்பார். கடைத்தெருவுக்கு அதே தபால்காரர் மத்தியானம்தான் போவார். ஆமாம், கடை! காது போன பிறகு மைக் செட்டை விற்றுவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்த மனுஷன், சின்னதாக ஒரு ரிப்பேர் கடை போட்டுவிட்டார். உங்களுக்குக் கொடுத்த வண்டியை அவரே ஒயரிங் செய்தார் என்று கேள்விப்பட்டு ஆட்கள் வருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரே பேச்சு. எனக்குக் காது வலிக்கிறது, அவருக்குத்தான் வலிக்காது.

பேட்டரியை நீ மாமியார் மாதிரி பார்க்கிறாய். கைக்குழந்தை மாதிரி பார். வண்டிக்கு வெளிப்பக்கம் இருக்கிற பேட்டரிப் பெட்டியின் கதவைத் திறந்து வாரத்துக்கு ஒருமுறை மூடிகளைக் கழற்றி உள்ளே எட்டிப் பார். தகடு வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீர் குறையக் கூடாது. ஊற்றுவது பேட்டரித் தண்ணீர் மட்டும், குழாய்த் தண்ணீர் விஷம். முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சோடா உப்பு கலந்த வெந்நீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேய். மோதிரம், வளையல் எல்லாம் முதலில் கழற்றி வை. மீட்டர் பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள். போனால் பேட்டரி பாதி செத்தது என்று அர்த்தம்.

தொட்டில் கதவுப் பக்கமே இருக்கட்டும். இடுக்கில் துணியை அடை.

குட்டியின் கன்னத்தைக் கிள்ளினேன் என்று சொல்.

அக்கா


நவம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபடியும் ராத்திரிதான். பகலில் குட்டி பேனாவைப் பிடுங்குகிறாள். இரண்டு பல், அதற்கு ஊர் முழுக்கக் கேட்கிற அழுகை. அவளுக்கு லேசாகச் சளி, மற்றபடி சுகம்.

நீ சொன்னபடி மூடியைக் கழற்றினேன். ஃபில்டர் தண்ணீரை ஊற்றப் போனவளைக் கிரேன்காரர் தடுத்தார். அவர் பக்கத்து வண்டியில் தனியாக இருப்பவர், மீசை மட்டும் இரண்டு பேருக்கு ஆகும். "ஏம்மா, அது குடிக்கிற தண்ணி. பேட்டரிக்கு உப்பு ஆகாது." "ஃபில்டர் பண்ணினதுதாங்க." "உங்களுக்கு ஃபில்டர். அதுக்குப் பத்தியம்." அவரே ஒரு பாட்டில் பேட்டரித் தண்ணீர் கொடுத்தார். முனைகளைப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். அன்று ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாளே குளிர் இறுகிவிட்டது. விசிறி விடாமல் ஓடுகிறது, விடிவதற்குள் மீட்டர் பன்னிரண்டுக்குக் கீழே போய்விடுகிறது. குளிரில் பேட்டரிக்குச் சத்து குறையுமாம். கூரையில் இருக்கிற சூரியத் தகட்டைப் பனி மூடிவிடுகிறது, இவர் தினமும் ஏறித் துடைக்கிறார், பத்து நிமிஷத்தில் மறுபடி வெள்ளை.

அக்கா, நீ எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய், கன்னத்தைக் கிள்ளச் சொன்னாய், வளையலைக் கழற்றச் சொன்னாய். நீலச் சுவிட்சைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டாயா? பெஞ்சுக்குள் ஒரு பேட்டரி சும்மா தூங்குகிறதே. அதைப் போட்டால் ராத்திரி முழுவதும் தாங்குமே.

உன் பதிலை லாரிச் சத்தத்தில் தேடுகிற

தங்கை


நவம்பர் 12

தங்கைக்கு,

இங்கே சுகம். அங்கே குட்டியின் சளி குறைந்ததா? ஆவி பிடிக்க வை, நெஞ்சை மூடி வை.

ராத்திரி விளக்கே வேண்டாம். தண்ணீர் மோட்டாரை அணைத்துவிட்டு வாளியில் பிடித்து வை. நீங்கள் மூன்று பேரும் ஒரே கட்டிலில் படுங்கள். ஹீட்டரைக் குறைத்து வைத்தால் விசிறி அவ்வளவு இழுக்காது.

அந்தச் சுவிட்ச் பழசு. அதைத் தொடாதே. அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

அத்தான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார். ஒரு டிரைவர் தன் வண்டியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார், முழு ஒயரிங். பெஞ்சாதியும் மூன்று பிள்ளைகளும் அதிலேயே குடியிருக்கப் போகிறார்களாம். அவர் வாயில் மறுபடி பாட்டு வருகிறது. சுருதி சேரவில்லை, ஒரு காதுக்கு எங்கே சேரும்? ஆனாலும் பாட்டுத்தான்.

உன் வீட்டுக்காரரைப் பகல் ஷிப்ட் கேட்கச் சொல்லேன். ராத்திரி நீ தனியாக இருக்காதே.

அக்கா


நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பும் அத்தான் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நன்றாக இல்லை.

முந்தாநாள் விடியற்காலையில் விசிறி நின்றுவிட்டது. அந்தச் சத்தம் நின்றதில்தான் முழிப்பு வந்தது. அதுவரை அந்த ஙொய்ங் சத்தம் எரிச்சலாகத்தான் இருந்தது. குட்டியைத் தொட்டேன். மூக்கு நுனி ஐஸ். உதட்டில் ஒரு நீலம். அவளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கவும் பயந்து, மூடின வண்டியில் காற்று கெட்டுவிடும் என்று எங்கேயோ படித்த ஞாபகம், கிரேன்காரர் கதவைத் தட்டினேன். அவர் தன் வண்டியை ஸ்டார்ட் செய்து முன் சீட்டில் எங்களை உட்கார வைத்தார்.

சைட் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இன்னொரு தடவை இப்படிக் குளிர் பட்டா கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். பாதை திறந்திருந்தா" என்றார். பாதை திறந்திருந்தா! அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன்.

இவர் பகல் ஷிப்ட் கேட்டார், கிடைக்கவில்லை. கம்பெனியிடம் புதுப் பேட்டரி கேட்டிருக்கிறார், அடுத்த மாதம் என்கிறார்கள்.

நீ பழசு என்கிறாய், தொடாதே என்கிறாய், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறாய். சின்ன வயதில் அலமாரிக்குள் பூதம் இருக்கிறது என்று என்னை ஏமாற்றினாயே, அந்த மாதிரி இருக்கிறது. எனக்கு இப்போது பூதத்தைவிட மீட்டர்தான் பயம். அத்தான் கைப்பட்ட வேலை, அவருக்குத் தெரியாதா? அவருக்கே கடை விலாசத்துக்கு இன்று ஒரு கடிதம் போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கை


டிசம்பர் 2

அன்புள்ள கொழுந்தியாளுக்கு அத்தான் எழுதுவது,

உன் கடிதம் கண்டேன். குட்டிக்கு உடம்பு தேவலையா? சகலை நலமா? நாங்கள் இருவரும் சௌக்கியம்.

கேட்டாயே ஒரு கேள்வி! கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு சாப்பாடு எங்கே என்று கேட்பதுபோல. இடது பெஞ்சில் இருக்கிறது பார், அது என் காது போன பிறகு நான் செய்த முதல் வேலை. சார்ஜர் அதற்கும் தனியாகப் போகிறது, அதனால் அது நிரம்பித்தான் இருக்கும். டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு நீலச் சுவிட்சைப் போடு. விடிய விடிய விசிறி ஓடும். தொட்டிலைத் தாராளமாக அந்தப் பெஞ்சிலேயே வை. உன் அக்கா ஏன் டேப் ஒட்டினாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு எதைக் கண்டாலும் ஒட்டி வைக்கிற புத்தி.

நீ படித்த பெண், ஃபியூஸ் எங்கே என்று தேடினேன் என்று எழுதியிருக்கிறாய். தேடாதே, இல்லை. நான் மைக் செட்டில் இருபது வருஷம். கூட்டத்தில் பேச்சாளர் எழுந்து கையை ஓங்கும்போது ஃபியூஸ் போனால் ஆப்பரேட்டரின் மானம் கப்பலேறும். அதனால் நாங்கள் ஃபியூஸைக் கழற்றிவிட்டு நேரே இழுத்துவிடுவோம். சத்தம் நிற்கவே கூடாது, அதுதான் எங்கள் தொழில். அதே முறைதான் வண்டியிலும். ஒயரும் ஸ்பீக்கருக்கு இழுத்தது, விரல் பருமன். பன்னிரண்டு வோல்ட்டுக்கு அது ராஜ உபசாரம். தொட்டால் ஷாக் கூட அடிக்காது, குட்டி கடித்தாலும் ஒன்றும் ஆகாது.

இங்கே டிரைவர் வண்டி வேலை நடக்கிறது. உன் வண்டியில் செய்ததையே அப்படியே அச்சு எடுத்தமாதிரி செய்துகொண்டிருக்கிறேன்.

பயப்படாதே. அத்தான் இருக்கிறேன்.

அன்புடன்
அத்தான்


டிசம்பர் 4

தங்கைக்கு,

அவர் உனக்கு எழுதிய விஷயம் இன்று சாப்பிடும்போதுதான் சொன்னார். சுவிட்சைப் போடாதே. போட்டிருந்தால் இந்தக் கடிதத்தை மேலே படிக்காமல் போய் அணைத்துவிட்டு வா. தொட்டிலை அங்கிருந்து எடு.

பெஞ்சுப் பலகையைத் தூக்கினால் பேட்டரி தெரியும். கறுப்பு ஒயரை முதலில் கழற்று. கறுப்பு. சிவப்பைத் தொடாதே. கழற்றிய முனையைத் துணியில் சுற்றி ஒதுக்கி வை.

ஏன் என்று பிறகு எழுதுகிறேன். இப்போது செய். குட்டியை எடுத்துவிட்டுச் செய்.

அக்கா


டிசம்பர் 16

அக்காவுக்கு,

குட்டி நலம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ அதைத்தான் முதலில் தேடுவாய். எழுத்து இன்னும் கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன்.

பனியில் பாதை அடைத்துவிட்டது. அத்தான் கடிதம் ஒரு லாரியில் வந்தது, உன் கடிதம் நேற்று வந்த லாரியில். நடுவில் ஒரு வாரம்.

அந்த வாரத்தில் நான் டேப்பைப் பிய்த்தேன். நீலச் சுவிட்சைப் போட்டேன். தொட்டிலைப் பெஞ்சின்மேல் வைத்தேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? விசிறி ராத்திரி முழுவதும் ஓடியது. மீட்டர் அசையவில்லை. குட்டி போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கினாள். நான் மீட்டரைப் பார்க்காமல் தூங்கினேன். இவர்கூட, "உன் அத்தானுக்கு ஒரு சிலை வைக்கலாம்" என்றார்.

சுரங்கத்தில் வெடி வைப்பது மத்தியானம். முதலில் சைரன் ஊதும், பிறகு வண்டி ஒரு குலுக்கு குலுங்கும், அலமாரியில் டம்ளர்கள் பேசிக்கொள்ளும். குட்டிக்கு அது பழகிவிட்டது, முழிப்பதே இல்லை. அன்றும் சைரன் ஊதியது. குலுங்கியது. இவர் புதுப் பேட்டரியைப் பற்றி விசாரிக்க ஆபீசுக்குப் போயிருந்தார், நான் கதவருகே துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாசனை. பிளாஸ்டிக் வாளியை அடுப்புமேல் வைத்தமாதிரி. அடுப்பைப் பார்த்தேன், அணைந்திருந்தது. அப்புறம்தான் பார்த்தேன். தொட்டிலுக்குக் கீழே, பெஞ்சின் பலகை இடுக்கில் ஒரு நூல் போலப் புகை. அது தொட்டிலின் கம்பியைச் சுற்றிக்கொண்டு மேலே போகிறது. உள்ளே இவள் வாயைத் திறந்து தூங்குகிறாள்.

தூக்கினேன். ஓடினேன். வெளியே பனியில் எங்கே கிடத்துவது? துணி அலசுகிற தொட்டி கவிழ்ந்து கிடந்தது, அதை நிமிர்த்தி, மடித்த துணிகளோடு அவளை அதில் போட்டுவிட்டு, "அண்ணே! அண்ணே!" என்று கத்திக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். ஏன் போனேன் என்று இவர் கேட்கிறார். உள்ளே கேஸ் சிலிண்டர் இருக்கிறது, அவளைப் போட்ட இடம் வண்டியிலிருந்து பத்தடி கூட இல்லை. அதனால்தான் போனேன்.

சுவிட்சை அணைத்தேன். சுவிட்ச் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது, அணையவில்லை. பலகையைத் தூக்கினால் சிவப்பு ஒயர் முழுக்க இரும்புக் கம்பி காய்ச்சினமாதிரி. ஃபியூஸ் இருந்திருந்தால் அது செத்திருக்கும், வண்டி பிழைத்திருக்கும். இல்லாததால் கரண்ட் நிற்கவே இல்லை, அத்தானின் மைக் செட்டுச் சத்தம்போல. எனக்குக் கறுப்பும் தெரியாது, எதுவும் தெரியாது. கையில் பட்ட ஒயரைப் பிடித்துப் பேட்டரியிலிருந்து பிடுங்கினேன். அது சிவப்பு.

கிரேன்காரர் மணல் வாளியோடு வந்தார். நெருப்பு பெஞ்சுக்குள்ளேயே அடங்கிவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே தலையை விட்டுப் பார்த்தார்.

"ஃபியூஸ் எங்கேம்மா?"

"இல்லைங்க."

"யாரு போட்டது இதை? உங்களுக்கு ஆகாதவங்களா?"

"எங்க அத்தான்."

அவர் போய் இடுக்கியை எடுத்துவந்தார். ஒயரை வெட்டிக் காட்டினார். மேலே பிளாஸ்டிக் விரல் பருமன், உள்ளே செம்பு தையல் நூல் மாதிரி. பாட்டுச் சத்தத்துக்குப் போதும், ஹீட்டர் விசிறிக்குப் போதாதாம். அது ஒரு தகரத் தடுப்பில் ஓட்டை போட்டு நுழைகிறது, ஓட்டைக்கு ரப்பர் வளையம் இல்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் தகரம் ஒயரை அறுத்திருக்கிறது. தோல் போய்ச் செம்பு தகரத்தைத் தொட்ட அன்று பற்றிக்கொண்டது. அறுந்த இடத்தில் ஒரு பழைய டேப் இருந்தது, அக்கா. நீலச் சுவிட்சில் இருந்த அதே கறுப்பு டேப்.

பெஞ்சின் அடிப்பலகையை அவர் நெம்பி எடுத்தார். ஆணிகள் புதிது. அதற்குக் கீழே இன்னொரு பலகை, அதில் கரி. இன்றைய கரி இல்லை, யாரோ சுரண்டித் துடைத்த கரி.

இன்று கட்டு மாற்றும்போது என் உள்ளங்கையைப் பார்த்தேன். குறுக்கே ஒரே கோடு. எங்கேயோ பார்த்த கோடு. உன் தழும்பு சமையலில் எண்ணெய் கொட்டி வந்தது என்று சொன்னாய். எண்ணெய் தெறித்தால் பொட்டுப் பொட்டாகத்தானே இருக்கும்?

பதில் எழுது.

தங்கை


டிசம்பர் 27

அன்புள்ள கொழுந்தியாளுக்கு,

நலமா? புது வருஷம் எல்லாருக்கும் நல்லபடியாகப் பிறக்கட்டும். உன் கடிதம் வந்ததாம். காலையில் வந்ததை உன் அக்கா படித்து மடித்து வைத்துக்கொண்டாள். என்ன விசேஷம் என்றேன். "எல்லாரும் சௌக்கியம், குட்டி நல்லா இருக்கா" என்றாள். நீலச் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று கேட்டேன். "ம்" என்றாள். பார்த்தாயா, அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்!

அவளுக்குத்தான் உடம்பு சரியில்லை. காய்ச்சல் இல்லை, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. ஒரு நாளும் கடைப்பக்கம் வராதவள், மூன்று நாளாகச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் வந்து அந்த டிரைவர் வண்டிக்குள் ஏறி எட்டி எட்டிப் பார்க்கிறாள். நேற்றுத் திடீரென்று, "இதுல ஒரு ஃபியூஸ் வைங்களேன்" என்றாள். "மைக் செட்டுக்காரன் பொண்டாட்டி பேசுற பேச்சாடி இது?" என்று சிரித்தேன். அப்புறம் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளால் எழுத முடியவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

வண்டி முடிகிற தறுவாயில் இருக்கிறது. ஜனவரி இருபதாம் தேதி டிரைவர் குடும்பம் கிளம்புகிறது. கடைசிப் பயல் இப்போதே இடது பெஞ்சு தனக்குத்தான் என்று படுத்துப் பார்த்துவிட்டான்.

ஆசிகளுடன்
அத்தான்


ஜனவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபடி நடுராத்திரி. இந்த முறை மன்னிப்புக் கேட்கவில்லை, தூங்கினால்தானே முழிக்க. கம்பெனி புதுப் பேட்டரி கொடுத்துவிட்டது. கிரேன்காரரும் இவரும் சேர்ந்து போட்டார்கள், முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸோடு. குட்டி நிற்கப் பழகுகிறாள். கை ஆறி வருகிறது. நீ சாப்பிடு, முதலில் அதைச் செய்.

அத்தான் எழுதியதைப் படித்தேன். அதில் நீ இருந்தாய். நீ எழுதியிருந்தால்கூட இவ்வளவு தெரிந்திருக்காது.

எனக்குப் புரிகிறது, அக்கா. காது போன பிறகு அவர் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை நானும்தான் பார்த்தேன். இந்த வண்டியில் முதல் விளக்கு எரிந்த அன்று அவர் நம் எல்லாரையும் வாசலில் நிற்கவைத்துக் கை தட்டச் சொன்னார், நினைவிருக்கிறதா? அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க ஒயர் பத்திக்கிச்சு" என்று எப்படிச் சொல்வாய். தனியாக அணைத்தாய், பலகை அடித்தாய், டேப் ஒட்டினாய், எண்ணெய் என்றாய், உனக்கு முதுகுவலி, வண்டியில் படுக்க முடியவில்லை என்று சொல்லி வண்டியைவிட்டு அவரை இறக்கினாய். சுவிட்ச் அணைந்திருந்தால் போதும் என்று நம்பினாய். தொட்டிலைக் கதவுப் பக்கம் போடச் சொன்னாய். உன்னால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. உன்மேல் எனக்குக் கோபமா என்றால், ஆமாம், இருக்கிறது. குட்டி தூங்கும்போது வருகிறது, அவள் சிரித்தால் போய்விடுகிறது.

ஆனால் அந்தப் பையன் இடது பெஞ்சில் படுத்துப் பார்த்தானாம். அச்சு எடுத்தமாதிரி அதே ஒயர், அதே ஓட்டை. நான் பயந்தாங்கொள்ளிதான், எனக்கு அந்த வண்டி இங்கே பக்கத்தில் நிற்பதுபோலவே இருக்கிறது. கண்ணை மூடினால் புகை தெரிகிறது.

ஆபீஸ் போன் பனியில் செத்துக் கிடக்கிறது. அதனால் இதே லாரியில் இரண்டு கடிதம் போடுகிறேன். இது உனக்கு, வீட்டு விலாசத்துக்கு. இன்னொன்று அத்தானுக்கு, கடை விலாசத்துக்கு. என் வண்டியில் நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது. உருகின ஒயரில் ஒரு துண்டை அதில் வைத்திருக்கிறேன், மறு துண்டு இந்தக் கவரில் இருக்கிறது, எடுத்துப் பார். பழைய கரியைப் பற்றியும் உன் கையைப் பற்றியும் அவருக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

தபால்காரர் வீட்டுக்குக் காலையில் வருவார், கடைத்தெருவுக்கு மத்தியானம்தான் போவார் என்று நீதான் எழுதினாய். இதைப் படித்து முடித்ததும் உனக்கு மத்தியானம்வரை நேரம் இருக்கிறது. கடைக்குப் போ. அவருடைய நல்ல காதுப் பக்கமாக உட்கார். உன் கையைத் திறந்து அவர் மேஜைமேல் வை.

அப்புறம் அவர் என்ன சொன்னார், அந்த வண்டியை என்ன செய்தார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதுவரை எனக்குத் தூக்கமில்லை. சீக்கிரம் பதில் போடு, அக்கா.

தங்கை